உறங்கவிடாத மென்பொருள்

மடிக்கணினி ஒன்று மின்னிணைப்பு இல்லாமல் எத்தனை மணி நேரம் இயங்கும் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. பேட்டரியில் சேர்ந்திருக்கும் ஆற்றலை வாட்-மணி என்னும் அலகிலும், கணினி அதைச் செலவிடும் வேகத்தை வாட் என்னும் அலகிலும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் இயங்கும் நேரம் கிடைத்துவிடும். 40 வாட்-மணி கொள்ளும் பேட்டரியை வைத்துக்கொண்டு 8 வாட் எடுக்கும் கணினி 5 மணி நேரமும், 16 வாட் எடுக்கும் கணினி இரண்டரை மணி நேரமும் ஓடும். ஆகவே ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்று பொதுவாகச் சொல்லப்படும் குறைக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு காரணங்கள் இருக்க முடியும்: பேட்டரி தேய்ந்து அதன் கொள்ளளவு சுருங்கியிருக்கலாம், அல்லது பேட்டரி நலமாகவே இருக்க, கணினியில் ஓடும் ஏதோ ஒரு மென்பொருள் ஆற்றலைக் கரைத்துக்கொண்டிருக்கலாம். பயன்படுத்துபவரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், குற்றம் மென்பொருளுடையதாக இருக்கும்போதும் புதிய பேட்டரிக்குப் பணம் செலவழிக்கப்படுகிறது. புதிய பேட்டரியும் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும்போது பழி கடைக்காரர்மேல் விழுகிறது.

தமிழ்நாட்டின் பல குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு முதன்முதலாக அறிமுகமானது, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகத்தான். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்ற மாணவர்களுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் வழங்கப்பட்டன; அவற்றில் விண்டோஸ் இயங்குதளத்தோடு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. திட்டம் தொடங்கிய காலம் மாநிலம் கடும் மின்வெட்டில் தவித்த காலமுமாகும். 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் நின்றுபோன ஊர்கள் ஏராளம். அன்று விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு இந்தச் சிக்கலில் இரண்டு முகங்கள் உண்டு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், உளுந்தூர்பேட்டை போன்ற சமவெளி ஊர்களில் பேட்டரிக்கு வெயில் எதிரி. கச்சிராயபாளையத்தைக் கடந்து கோமுகி அணைப் பக்கமாக மேலேறினால் வரும் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களில், வெயில் தணிவு. ஆனால் காற்றும் மழையும் மின்கம்பியைச் சாய்த்துவிட்டால் சரியாவதற்குச் சமவெளியைவிட அதிக நேரம் பிடிக்கும், கைபேசிச் சிக்னலும் மேட்டுக்கு மேடு மாறும். அங்கே ஒரு மாணவிக்குப் பேட்டரியில் மிச்சமிருக்கும் ஒரு மணி நேரம் என்பது ஒரு பாடம் முடிவதற்கும் பாதியில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு.

மென்பொருளைச் சந்தேகிக்கும் முன் பேட்டரியின் நிலையைத் தெரிந்துகொள்வதே முறை. மடிக்கணினிகளில் உள்ளவை லித்தியம் அயனி வகைப் பேட்டரிகள். சோனி நிறுவனம் 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த வகைக்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அவ்வாண்டு 97 வயதாகியிருந்த குட்இனஃப்பின் சார்பில் நோபெல் உரையை நிகழ்த்தியவர், தென்தமிழ்நாட்டின் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் பயின்று, அவரோடு நெடுங்காலம் ஆய்வு செய்த ஆறுமுகம் மந்திரம் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். இந்தப் பேட்டரியில் மின்னேற்றத்தின்போதும் இறக்கத்தின்போதும் லித்தியம் அயனிகள் இரு மின்முனைகளுக்கிடையே போய்வருகின்றன. கிராஃபைட் மின்முனையின் மேல் படியும் மெல்லிய படலம் ஒன்று காலப்போக்கில் தடித்து, போய்வர வேண்டிய லித்தியத்தில் ஒரு பங்கைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்வதால் கொள்ளளவு மீட்க முடியாதபடி குறைகிறது. வெப்பமும், எப்போதும் முழு மின்னேற்றத்திலேயே வைத்திருப்பதும் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும். கத்திரி வெயிலில் 40 பாகை செல்சியஸைத் தொடும் சமவெளி வீட்டில், நாள் முழுதும் சார்ஜரோடு இணைத்தே வைக்கப்படும் மடிக்கணினியின் பேட்டரி, மலைமேல் குளிர்ந்த அறையில் இருக்கும் அதே வகைப் பேட்டரியைவிட முன்னதாகவே மூப்படைவது இதனால்தான்.

தேய்மானத்தை ஊகிக்க வேண்டிய தேவை இல்லை, ஏனெனில் பேட்டரிக்குள் இருக்கும் சிறு சில்லு அதைத் தொடர்ந்து கணக்கிட்டு வைத்திருக்கிறது. விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பவர்-சிஎஃப்ஜி என்னும் கட்டளையைப் பேட்டரி-ரிப்போர்ட் என்னும் தெரிவோடு இயக்கினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் தயாரிப்பின்போது திட்டமிடப்பட்ட கொள்ளளவும், இன்று முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவும் மில்லிவாட்-மணியில் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். லினக்ஸில் இதே இரண்டு எண்களை மேசைத்தளத்தின் மின்னாற்றல் அமைப்புகளிலோ, சிஸ் கோப்புறைக்குள் பவர்-சப்ளை என்னும் பகுதியில் பேட்டரியின் பெயரில் உள்ள சிறு கோப்புகளிலோ காணலாம். எடுத்துக்காட்டாக, முதல் எண் 41,000, இரண்டாவது எண் 27,500 என்று இருந்தால் பேட்டரியில் எஞ்சியிருப்பது மூன்றில் இரண்டு பங்கு. 6 மணி நேரம் ஓடிய கணினி இப்போது 4 மணி நேரம் ஓடினால் அதற்கு இந்தத் தேய்மானமே போதிய விளக்கம், மென்பொருளைக் குறை சொல்ல இடமில்லை. அதே கணினி இரண்டு மணி நேரத்தில் அணைந்துபோனால், எஞ்சிய இரண்டு மணி நேரத்துக்கு வேறு எதுவோ கணக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கைக் கேட்க வேண்டிய இடம் வகுக்கும் எண், அதாவது வாட். திரையின் பின்னொளி ஏறக்குறைய 2 முதல் 5 வாட் வரை எடுக்கும். பழைய கணினிகளின் சுழலும் வன்தட்டும் வைஃபை அட்டையும் இயங்கும்போது ஏறக்குறைய ஒவ்வொரு வாட் கேட்கும். இவை ஓரளவு நிலையான செலவுகள். பெரிதும் ஏறி இறங்குவது செயலி: முழுமூச்சில் கணக்கிடும்போது 15 வாட்டும் அதற்கு மேலும் எடுக்கும் அதே செயலி, வேலையில்லாத நேரத்தில் ஒரு வாட்டுக்கும் கீழே இறங்கிவிட வல்லது. இந்த இறக்கம் படிப்படியாக நிகழ்கிறது. வேலை தீர்ந்ததும் செயலி முதலில் தன் துடிப்பை நிறுத்துகிறது. ஓய்வு நீளும் என்று தெரிந்தால் உள்நினைவில் உள்ளவற்றை வெளியே எழுதிவிட்டு, மின்னழுத்தத்தையே துண்டித்து ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகிறது. அங்கிருந்து மீள்வதற்கு நேரமும் ஆற்றலும் செலவாகும் என்பதால், அடுத்த அழைப்பு உடனே வந்துவிடும் என்று இயங்குதளம் கணித்தால் ஆழ்ந்த நிலைக்கு அனுப்பாமல் மேலோட்டமான ஓய்விலேயே நிறுத்தி வைக்கிறது. கண் அயரும்போதெல்லாம் தட்டி எழுப்பப்படுபவர் இரவு முழுதும் பாயில் கிடந்தும் ஓய்வு பெறாததைப் போல, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை எழுப்பப்படும் செயலி, வேலையே செய்யாமலும் ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டிருக்கும்.

இந்த நோயறிதலின் மையமான உண்மை இதுதான் என்பதாலும், பலரும் தவறவிடுவது இதையே என்பதாலும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேட்டரி விரைவாகத் தீர்கிறது என்றதும் பயனர்கள் பணி மேலாளரைத் திறந்து, செயலியை அதிக விழுக்காட்டில் பயன்படுத்தும் மென்பொருள் எது என்று பார்க்கிறார்கள். தொடர்ந்து 50 விழுக்காட்டில் நிற்கும் மென்பொருளை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் நொடிக்கு 200 முறை விழித்து, ஒவ்வொரு முறையும் சில மைக்ரோநொடி மட்டுமே எதையோ சரிபார்த்துவிட்டு விலகும் மென்பொருள், அந்தப் பட்டியலில் சுழியம் விழுக்காட்டோடு குற்றமற்றதாக நிற்கும்.

லினக்ஸ் உலகம் இதைக் கண்டுகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. நெடுங்காலமாக இயங்குதளத்தின் கருவே நொடிக்கு 100 முதல் 1000 முறை வரை செயலியை எழுப்பிக்கொண்டிருந்ததால், மற்ற மென்பொருள்கள் செய்த தொல்லை வெளியே தெரியாமல் அதற்குள் மறைந்திருந்தது. 2007 ஏப்ரலில் வெளியான லினக்ஸ் 2.6.21 பதிப்பு, வேலையில்லாத நேரத்தில் இந்தத் துடிப்பை நிறுத்தி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே இன்டெல் நிறுவனம் பவர்டாப் என்னும் கருவியை வெளியிட்டது. செயலியை நொடிக்கு எத்தனை முறை யார் எழுப்புகிறார்கள் என்று பெயரோடு பட்டியலிடுவதுதான் அந்தக் கருவியின் வேலை. மறைவு விலகியதும் குற்றவாளிகள் வரிசையாக வெளிவந்தார்கள்: யாராவது ஒலியளவை மாற்றினார்களா என்று நொடிக்குப் பலமுறை கேட்டுக்கொண்டிருந்த மேசைத்தள ஒலிப்பொத்தான், பயனர் அருகில் இருக்கிறாரா என்று ஓயாமல் சோதித்த அரட்டை மென்பொருள், உரைப்பெட்டியில் யாரும் தட்டச்சு செய்யாத நேரத்திலும் சிமிட்டிக்கொண்டே இருந்த சுட்டுக்குறி. திருத்தங்களும் விரைந்து வந்தன. நோம் மேசைத்தளத்துக்கு அடிப்படையான ஜிலிப் நூலகம், துல்லியம் தேவைப்படாத மென்பொருள்கள் எல்லாம் ஒரே நொடியில் சேர்ந்து விழித்துச் சேர்ந்து உறங்குவதற்கான புதிய செயற்கூற்றை 2007இலேயே பெற்றது; ஜிடிகே கருவித்தொகுப்பு, சிறிது நேரம் தட்டச்சு இல்லையென்றால் சுட்டுக்குறியின் சிமிட்டலை நிறுத்தக் கற்றுக்கொண்டது.

கற்ற பாடம் நிலைக்கவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது. விண்டோஸ் செயலியை எழுப்பும் காலத்துடிப்பு இயல்பாக நொடிக்கு 64 முறை. குரோம் உலாவி அதை 1000 முறைக்கு உயர்த்தச் சொல்லிவிட்டு, தேவை முடிந்த பின்னும் விட்டுக்கொடுக்காமல் மடிக்கணினிகளின் ஆற்றலைக் கரைத்துவந்தது 2014இல் பரவலாகத் தெரியவந்து, அதன் பிறகே முறையாகத் திருத்தப்பட்டது. 2017இல் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் நிரல் எழுதும் மென்பொருள், பயனர் எதையும் செய்யாமல் இருக்கும்போதே செயலியில் 13 விழுக்காட்டை எடுத்துக்கொள்வதாக ஒரு முறையீடு பதிவானது. ஆராய்ந்தபோது காரணம் மீண்டும் அதே சுட்டுக்குறி: அரை நொடிக்கு ஒருமுறை தோன்றி மறைந்தால் போதுமான அந்தச் சிறு கோட்டை, உலாவித் தொழில்நுட்பத்தின் அசைவூட்டம் நொடிக்கு 60 முறை புதிதாக வரைந்துகொண்டிருந்தது. இன்று அரட்டை, குறிப்பேடு, பாட்டுக் கருவி எனப் பல மேசை மென்பொருள்கள் ஒரு முழு உலாவியைத் தமக்குள் சுமந்தே வருகின்றன. எழுதுபவர்களுக்கு அது எளிமை. அந்த எளிமைக்கான விலையைப் பயனரின் பேட்டரி கொடுக்கிறது.

கண்டறியும் முறை எளியது, ஆனால் பொறுமை கேட்பது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, திரையின் வெளிச்சத்தை ஓர் அளவில் நிறுத்தி, எல்லா மென்பொருள்களையும் மூடி, கணினியை எதுவும் செய்யாமல் விட்டுவைக்க வேண்டும். மின்னிறக்கத்தின் வேகத்தை லினக்ஸில் பேட்டரிக் கோப்பிலிருந்தே வாட் கணக்கில் படிக்கலாம். சில கணினிகள் வாட்டைத் தராமல் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் தனித்தனியே தரும், அப்போது இரண்டையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். நேரடி எண் கிடைக்காத இடத்தில், கால் மணி நேரத்தில் பேட்டரியின் இருப்பு எத்தனை மில்லிவாட்-மணி குறைந்தது என்று பார்த்து நான்கால் பெருக்கினால் போதும்: 1,750 குறைந்திருந்தால் செலவு 7 வாட், 3,000 குறைந்திருந்தால் 12 வாட். ஒரே ஒரு கணத்தின் அளவீட்டை நம்பக் கூடாது, ஏனெனில் எண் கணத்துக்குக் கணம் தாவும். பத்துப் பதினைந்து நிமிடச் சராசரியே பேசத் தகுந்தது. இப்படிக் கிடைத்த அடிப்படை அளவைக் குறித்துக்கொண்டு, பிறகு மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, ஒவ்வொன்றையும் திறந்தபடியே சும்மா விட்டு, வாட் எவ்வளவு ஏறுகிறது என்று எழுதிவர வேண்டும். எதுவும் செய்யாமல் திறந்து மட்டும் இருக்கும் ஒரு மென்பொருள், செலவை 7 வாட்டிலிருந்து 10 வாட்டுக்கு உயர்த்துமானால், தீர்ப்பு அங்கேயே கிடைத்துவிடுகிறது. வேலை செய்யும்போது எடுக்கும் ஆற்றல் நியாயமான கூலி. சும்மா இருக்கும்போது எடுப்பதே வீண்செலவு. பவர்டாப் கருவியும், விண்டோஸில் பவர்-சிஎஃப்ஜியின் எனர்ஜி தெரிவு 60 நொடி கவனித்துத் தரும் அறிக்கையும் இந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொல்லும். பின்னது, காலத்துடிப்பை உயர்த்தக் கோரிய மென்பொருளின் பெயரையே குறிப்பிடும்.

எல்லா மென்பொருள்களையும் மூடிய பின்னும் அடிப்படை அளவே அதிகமாக இருந்தால், சாளரம் இல்லாமல் பின்னணியில் ஓடுபவற்றைப் பார்க்க வேண்டும். அவற்றில் முதன்மையானவை, கோப்புகளைத் தேடுவதற்கு வசதியாக அவற்றின் உள்ளடக்கத்தை முன்கூட்டியே படித்து அட்டவணையிடும் நிரல்கள். விண்டோஸில் தேடல் அட்டவணையாளர், நோம் மேசைத்தளத்தில் நெடுங்காலம் டிராக்கர், கே.டி.இ. மேசைத்தளத்தில் பாலூ என்று பெயர்கள் வேறு, வேலை ஒன்று. பென்டிரைவிலிருந்து நூற்றுக்கணக்கான வினாத்தாள் கோப்புகளை நகலெடுத்த நாளில் இந்த நிரல் மணிக்கணக்கில் உழைப்பது இயல்பு, பிறகு தானாக அடங்கிவிடும். வாரக்கணக்கில் அடங்காமல் ஓடினால், ஏதோ ஒரு பழுதான கோப்பில் சிக்கித் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று கொள்ளலாம். அட்டவணையை அழித்துப் புதிதாகத் தொடங்கச் சொல்வதோ, அந்தக் கோப்புறையை விலக்கிவைப்பதோ தீர்வாகும்.

மலைக்கே உரிய ஒரு காரணம் தனியாகச் சொல்லத் தக்கது. கோப்புகளை இணையச் சேமிப்பகத்தோடு ஒத்திசைக்கும் மென்பொருளும், மின்னஞ்சல், அரட்டை மென்பொருள்களும், இணைப்பு எப்போதும் இருக்கும் என்ற எண்ணத்தோடு எழுதப்படுகின்றன. இணைப்பு அறுந்தால் மீண்டும் முயலும் இடைவெளியை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது நல்ல நிரலாக்க மரபு. அந்த மரபைப் பின்பற்றாத மென்பொருள், சிக்னல் வந்து வந்து போகும் ஒரு மலைச் சிற்றூரில், நாள் முழுதும் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முயற்சியும் செயலியையும் வைஃபை அட்டையையும் சேர்த்தே எழுப்புகிறது. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டோடு ஒருவழியாக இணைந்த மறுநொடியில், வாரக்கணக்கில் காத்திருந்த இயங்குதளப் புதுப்பிப்பும் நச்சுநிரல் தடுப்பின் புதுப்பிப்பும் ஒத்திசைவும் ஒன்றாகப் பாய்வதால், படிப்பதற்கென்று ஒதுக்கிய பேட்டரியும் டேட்டாவும் சேர்ந்தே தீர்கின்றன. அந்த இணைப்பை அளவுக்குட்பட்ட இணைப்பு என்று விண்டோஸின் அமைப்புகளில் குறித்துவைத்தால் பெரும்பாலான புதுப்பிப்புகள் காத்திருக்கும். இணையம் தேவைப்படாத நேரத்தில் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுவது அதைவிடச் சிறந்தது.

காணொளிப் பாடங்களிலும் இதற்கு நிகரான ஒரு வீண்செலவு உண்டு. காணொளியை விரித்துக் காட்டும் பணியை வரைகலைச் சில்லில் அதற்கென்றே அமைந்த பகுதி செய்தால் செலவு சொற்பம். செயலியே செய்தால் பல வாட் கூடும். யூடியூப் பயன்படுத்தும் புதிய சுருக்க முறைகளைப் பழைய மடிக்கணினிகளின் வரைகலைச் சில்லு அறியாது. அறிந்த சில்லுகளையும் லினக்ஸ் உலாவிகள் நெடுங்காலம் பயன்படுத்திக்கொள்ளவில்லை, ஃபயர்ஃபாக்ஸ் இன்டெல் வரைகலைக்கு அதை இயல்பாகவே இயக்கியது 2023இல்தான். பாடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி, சாதாரணக் காணொளி இயக்கியில் பார்ப்பது பழைய கணினிக்கு உகந்த வழி.

மேசை மென்பொருளை எழுதும் அலுவலகங்களில் கணினிகள் நாள் முழுதும் மின்னிணைப்பில் இருக்கின்றன, இணையம் அறுவதில்லை. வீண்செலவு அங்கே யாருக்கும் வலிப்பதில்லை, வலிக்காத குறை திருத்தப்படுவதுமில்லை. வலி தெரிந்த இடத்திலிருந்து அளவீடு போனால் நிலைமை மாறும் என்பதற்கு 2007இன் ஒலிப்பொத்தானும் 2017இன் சுட்டுக்குறியும் சான்றுகள். இரண்டையும் திருத்தவைத்தது எண்ணோடு எழுதப்பட்ட முறையீடு. கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகளில் கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள், வெயிலிலும் அறுந்துபோகும் சிக்னலிலும் ஓடும் தங்கள் மடிக்கணினிகளை இந்த முறையில் அளந்து, மென்பொருளின் பெயர், பதிப்பு எண், சும்மா இருக்கும்போது ஏறிய வாட், இணைப்பு இருந்தபோதும் அறுந்தபோதும் இருந்த வேறுபாடு ஆகிய நான்கையும் குறித்து, அதை உருவாக்கியவர்களுக்கு அனுப்ப வேண்டும்; பாஸ் லினக்ஸைப் பொறுத்தவரை அந்த முறையீடு போய்ச்சேர வேண்டிய இடம் சென்னையிலேயே இருக்கிறது.